இன்னைக்கு வேணாம்னு யார் சொல்றது?

"பயிற்சி விமானம் டேக் ஆஃப் ஆன சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது" என்று ஒரு செய்தி வந்தால் உங்கள் மனதில் முதலில் என்ன ஓடும்? ஒன்று, எஞ்சின் நின்றிருக்கும். இல்லையென்றால், ஓட்டக் கத்துக்கிட்டு இருந்த பையனோ பொண்ணோ எதையோ தப்பா இழுத்திருக்கும். மெக்கானிக்கல் பசங்க முதல் காரணத்துக்கு ஓட்டு போடுவாங்க, மத்த எல்லா பிராஞ்சும் ரெண்டாவதுக்கு. ரெண்டு நாள் கமென்ட்டில் சண்டை நடக்கும். மூணாவது நாள் வேற ரீல்ஸ்.

நான் இங்கே எடுத்துக்கொண்ட விபத்தில் எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. விமானம் விழும்போது அதை ஓட்டிக்கொண்டிருந்தது கற்றுக்கொள்ள வந்த பிள்ளையும் இல்லை. அனுபவமுள்ள பயிற்றுநர். அப்புறம் ஏன் விழுந்தது? இதற்குப் பதில் தேடிப் போனால் ஏரோ டிபார்ட்மென்ட் தாண்டி நம்ம எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1996 ஏப்ரல் 10. அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவில், ஹாஃப் மூன் பே என்று ஒரு கடலோர ஊர். அங்கிருந்து ஒரு செஸ்னா 177பி கார்டினல் கிளம்பியது. நான்கு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின், 180 குதிரைத்திறன். இடது முன் இருக்கையில் ஜெசிகா டுப்ராஃப். வயது 7. ஆமாங்க, ஏழுதான். ரெண்டாம் கிளாஸ் படிக்கிற வயசு. கால் பெடலுக்கு எட்டாது என்பதால் அலுமினியத்தில் நீட்டிப்பு மாட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாக வெளியே தெரிய வேண்டுமே, அதற்காக அடியில் ஒரு மெத்தை. பக்கத்து இருக்கையில் பயிற்றுநர். பின் இருக்கையில் அப்பா.

திட்டம் இதுதான்: கிழக்குக் கரை வரை பறந்து போய்த் திரும்பி வர வேண்டும், எட்டே நாளில், ஆறாயிரம் மைலுக்கு மேல். "அமெரிக்காவைக் குறுக்கே கடந்த மிகச் சிறிய வயது விமானி" என்று பெயர் வாங்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. "மிகச் சிறிய வயது விமானி" என்ற பிரிவையே கின்னஸ் அதற்குச் சில வருஷங்கள் முன்பே தூக்கிவிட்டது, இப்படிப்பட்ட முயற்சிகளை ஊக்குவிக்க வேண்டாம் என்று. ஆக, பதிவு செய்ய ஆளே இல்லாத ஒரு சாதனை. சட்டப்படி பார்த்தாலும் ஜெசிகா விமானியே கிடையாது. அங்கே தனியாகப் பறக்கவே 16 வயது ஆக வேண்டும், உரிமம் வாங்க 17. பொறுப்பு விமானி பயிற்றுநர்தான். அவர் பக்கத்தில் இருந்து அனுமதித்தால் ஜெசிகா கட்டுப்பாட்டைத் தொடலாம், அவ்வளவே.

ஆனால் டிவிக்கு அதெல்லாம் எதுக்கு? குழந்தை, விமானம், அமெரிக்கா மொத்தமும் ஒரு கோடு. ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒரு வீடியோ கேமராவையும் காலி கேசட்டுகளையும் கொடுத்து, உள்ளே நடப்பதைப் படம் பிடிக்கச் சொன்னது. இறங்கும் இடமெல்லாம் நிருபர்கள். பயிற்றுநரின் நேரத்துக்குப் பணம் தர அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரணும்.

முதல் நாள் நெவாடாவில் எல்கோ, வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்று எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மாலையில் வயோமிங்கின் தலைநகர் ஷையானில் இறங்கினார்கள். வழியில் ஒரு பகுதி முழுக்க ஜெசிகா தூங்கிப் போயிருக்கிறாள். ஒரு தரையிறக்கத்தில் காற்று பலமாக இருந்ததால் பயிற்றுநர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஏழு வயசுப் பிள்ளை ஒரு நாள் பூரா பயணம் செய்தால் தூங்காமல் என்ன செய்யும்? ஷையானில் வரவேற்பு, பேட்டி, எல்லாம் நடந்தது.

மறுநாள் காலை 8.24-க்கு ஷையானிலிருந்து டேக் ஆஃப். மழை பெய்துகொண்டிருந்தது. மூக்கைத் தூக்கியபடி, மெதுவாக ஏறி, ஆடி, வலது பக்கம் திரும்பத் தொடங்கியது விமானம். சில நூறு அடி உயரத்தில் இருந்து அப்படியே சரிந்து, குடியிருப்புப் பகுதித் தெரு ஒன்றில் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுந்தது. மூன்று பேரும் அங்கேயே இறந்தார்கள்.

இனிமே கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். ஓடிடாதீங்க, அரியர் வெச்சவங்களுக்கும் புரியும்.

ஹாஃப் மூன் பே கடல் மட்டத்தில் இருக்கிறது என்றே சொல்லலாம். ஷையான் விமான நிலையம் ஆறாயிரம் அடிக்கு மேல். நம்ம கணக்கில் ஏற்காட்டுக்கும் மேலே, ஊட்டிக்குக் கீழே. அன்றைய வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால், விமானத்துக்கு அது 6,670 அடி உயரம் போலத் தெரிந்திருக்கும். இதைத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்கிறோம்: உங்கள் ஆல்டிமீட்டர் என்ன சொன்னாலும், இறக்கையும் எஞ்சினும் எந்த உயரத்துக் காற்றை உணர்கின்றன என்ற கணக்கு. 6,670 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு.

லிஃப்ட் சமன்பாட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. பாதி அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கைப் பரப்பு, லிஃப்ட் கோ-எஃபிஷியன்ட். அடர்த்தி 18 சதவீதம் குறைந்தால் அதே எடையைத் தூக்க வேகம் சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். இது பரவாயில்லை, ஓடுபாதை நீளமாக இருந்தால் சமாளிக்கலாம். உண்மையான அடி எஞ்சினுக்குத்தான் விழுகிறது. டர்போ இல்லாத பிஸ்டன் எஞ்சின், கிடைக்கிற காற்றைத்தான் குடிக்க முடியும். அந்த உயரத்தில் 180 குதிரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

ஐந்தில் ஒன்றுதானே என்று தோணுதா? விமானம் மேலே ஏறுவது மொத்தச் சக்தியில் இல்லை, மிச்சச் சக்தியில். சமமாகப் பறக்கவே ஒரு பெரும்பங்கு செலவாகிவிடும். அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவதுதான் உயரமாக மாறும். சம்பளத்தில் வாடகையும் இ.எம்.ஐ.யும் போக மீதி மாதிரி. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டினா வாடகை குறையாது, மாசக் கடைசியில கையில இருக்கிற காசுதான் பாதியாகும். போதாததற்கு மெல்லிய காற்றில் பறக்க வேண்டிய சக்தியும் கொஞ்சம் கூடுகிறது. வாடகையும் ஏறிடுச்சுன்னு வெச்சுக்கோங்க.

சரி, எடை. அந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 2,500 பவுண்டு. டேக் ஆஃப் ஆகும்போது அதைவிட 96 பவுண்டு அதிகம் இருந்தது. சுமார் 43 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். ஸ்டால் ஆகும் வேகம் எடையின் வர்க்கமூலத்தில் கூடும் என்பதால் இந்த 4 சதவீத எடை, வேகக் கணக்கில் வெறும் 2 சதவீதம். அடுத்து, திரும்புதல். 20 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் இன்னொரு 3 சதவீதம் ஏறும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தாது. வைவாவில் யாராவது கேட்டால் "நெக்ளிஜிபிள் சார்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

கடைசியாக வருகிறது காற்று. அவர்களுக்குச் சற்று முன் கிளம்பிய இன்னொரு விமானத்தின் விமானி, தன் வேகம் 15 நாட் கூடுவதும் குறைவதுமாக இருந்தது என்று கோபுரத்துக்குச் சொல்லியிருந்தார். அது இவர்களுக்கும் தெரிவிக்கப்பட்டது. எழுபது சொச்சம் நாட்டில் ஏறுகிற ஒரு விமானத்துக்கு 15 நாட் என்பது கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரே தட்டில் போவது. மேலே எண்ணிய 2, 3 சதவீதங்கள் எல்லாம் இப்போதுதான் வட்டியோடு வசூலுக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் பட்டது. மெல்லிய காற்றில், ஏர்ஸ்பீட் மானியில் அதே எண் காட்டும்போது உண்மையில் நீங்கள் அதிக வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். காற்றை முதுகில் வாங்கும் திசைக்குத் திரும்பும்போது தரை இன்னும் வேகமாகப் பின்னால் ஓடும். கடலோரத்தில் பறந்து பழகிய கண்ணுக்கு, தாழ்வான உயரத்தில், மழையில், "வேகம் தாராளமா இருக்கே" என்று தோன்றும். மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்று கை சொல்லும். அன்று அவர் கை அப்படிச் சொன்னதா என்று நாம் பார்க்கவில்லை. ஆனால் உலகம் முழுக்க விமானிகளுக்கு இந்தக் கண்கட்டு வித்தையைப் பற்றி எச்சரித்துத்தான் பயிற்சி தருகிறார்கள்.

இதெல்லாம் மலையூர்ச் சமாச்சாரம், நமக்கில்லை என்று நினைக்காதீங்க. சேலம் விமான நிலையம் சுமார் ஆயிரம் அடி உயரத்தில்தான் இருக்கிறது. மே மாதம் மதியம் 40 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்க. டென்சிட்டி ஆல்டிட்யூட் 4,200 அடி பக்கம் வரும். ஓமலூர் பக்கத்தில் நிற்கிற விமானத்தின் எஞ்சின், தான் ஏற்காடு மலைப்பாதையில் பெரும்பகுதி ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

சரி, ஷையானுக்குத் திரும்புவோம். இதெல்லாம் அந்தப் பயிற்றுநருக்குத் தெரியாதா? தெரியும். உரிமத் தேர்விலேயே கேட்கிற பாடம் இது. என்னை உறுத்துவதும் அதுதான். அந்தக் காலை நேரத்தை வரிசையாகப் பாருங்கள்.

வானிலை விவரம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். குளிர்ந்த காற்று முகப்பு ஒன்று நெருங்குகிறது, ஐசிங், டர்புலன்ஸ் எச்சரிக்கைகள் இருக்கின்றன என்று சொல்லப்பட்டது. கிழக்கே போய்விட்டால் நிலைமை தேவலை என்பதும் தெரிந்தது. உள்ளூர் வானொலிக்காரர் ஒருவர், வானிலை சரியில்லை, தங்கிவிட்டுப் போங்களேன் என்று கூப்பிட்டார். புயல் வருவதற்குள் முந்திக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்பது பதில். எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுக்கவே இல்லை. அணைத்து, எடுத்து, மறுபடி ஸ்டார்ட். ஓடுபாதைக்குப் போவதற்குள் மழை தொடங்கிவிட்டது. பார்வைத் தூரம் 2¾ மைல் என்று கோபுரம் சொன்னது. கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின்படி பறக்க 3 மைல் வேண்டும். அப்போது அவர் கேட்டது "ஸ்பெஷல் ஐ.எஃப்.ஆர்.". அப்படி ஓர் அனுமதியே கிடையாது. உடனே திருத்தி "ஸ்பெஷல் வி.எஃப்.ஆர்." என்று கேட்டார். கிடைத்தது. கிளம்பினார்.

கட்டை, அலைவரிசை, வாய் தவறிய வார்த்தை. நீங்க செமஸ்டர் எக்ஸாமுக்கு லேட்டா ஓடும்போது ஹால் டிக்கெட்டை மறப்பீங்களே, அந்த மனநிலை தெரிகிறதா? தெரியாமல் செய்தவர் இல்லை, அவசரத்தில் இருந்தவர்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தை விசாரித்தது. எஞ்சினில் பழுதுக்கான தடயம் இல்லை. விழும் நேரத்தில் கட்டுப்பாட்டைக் கையாண்டவர் பயிற்றுநர் என்ற முடிவுக்கு வந்தார்கள். காரணம் என்று அவர்கள் எழுதியதன் சாரம்: மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில், எடை கூடிய விமானத்தில், தனக்குப் பழக்கமில்லாத டென்சிட்டி ஆல்டிட்யூடில் கிளம்புவது என்று பொறுப்பு விமானி எடுத்த தவறான முடிவு, அதன் விளைவாக வேகம் குறைந்து ஏற்பட்ட ஸ்டால். இத்துடன் நிறுத்தியிருந்தால் இது இன்னொரு விபத்து அறிக்கை. அவர்கள் ஒரு துணைக் காரணமும் சேர்த்தார்கள்: அளவுக்கு மீறிய பயணத் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை, அதற்கு ஒரு பகுதிக் காரணம் ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கு.

ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் "டைம்டேபிள்" ஒரு காரணமாக எழுதப்பட்டிருக்கிறது, கவனிச்சீங்களா? போல்ட் உடைந்தது, வால்வு அடைத்தது என்று எழுதுகிற அதே இடத்தில்.

நாட்டில் அதற்குப் பிறகு நடந்தது வேறு. பெற்றோரைத் திட்டினார்கள், டிவியைத் திட்டினார்கள், டிவிக்காரர்களும் தங்களை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் திட்டினார்கள். அதே வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் குழந்தை விமானிப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. உரிமம் இல்லாத ஒருவர் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ விமானத்தின் கட்டுப்பாட்டைக் கையாளக் கூடாது. அதற்கு அனுமதிக்கும் பொறுப்பு விமானியின் உரிமம் போகும்.

சட்டம் நல்லதுதான். ஏழு வயதுப் பிள்ளையை வைத்து ரேட்டிங் தேடும் கூத்து அதோடு நின்றது. ஆனால் என் கருத்தைக் கேட்டால், அந்தச் சட்டம் அன்றைய விபத்தில் ஒரு திருகைக்கூட மாற்றியிருக்காது. கட்டுப்பாடு பயிற்றுநர் கையில்தானே இருந்தது? இடது இருக்கையில் ஜெசிகாவுக்குப் பதில் 37 வயதுப் பணக்காரர் ஒருவர் இருந்து, பின்னால் அதே கேமரா, அதே எட்டு நாள் கெடு இருந்தால், விமானம் அதே தெருவில்தான் விழுந்திருக்கும். குழந்தை விமானத்தில் இருந்ததால் நமக்கு வலி அதிகம். விமானம் விழுந்ததற்குக் காரணம் வேறு.

அந்த மூன்று பேரில் "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லக்கூடியவர் யார் என்று யோசித்துப் பாருங்க. ஜெசிகா? ஏழு வயது. ஊரே கைதட்டிக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பயமா இருக்கு என்று சொல்ல அவளால் முடியுமா? அப்பா? திட்டமே அவருடையது, அவருக்கு டென்சிட்டி ஆல்டிட்யூட் தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. மிச்சம் பயிற்றுநர். சட்டப்படி முழு அதிகாரமும் அவரிடம். ஆனால் அவர் நேரத்துக்குக் காசு கொடுப்பவர் பின் சீட்டில். அவர் "வேணாம்" என்று சொன்னால் அன்று இரவு டிவியில் "ஷையானில் மாட்டிக்கொண்டார்கள்" என்று வரும். அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் வருகிற நஷ்டமும் அவருக்கே. இப்படி ஒரு டிசைனை நீங்க கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் அசைன்மென்ட்டில் போட்டால் மேடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று. பறக்கும் பயிற்சியில் "வேணாம்" என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ரொம்ப அழகான பழக்கம். டேக் ஆஃபுக்கு முன் விமானி வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்: ஓடும்போது எஞ்சின் தடுமாறினால் உடனே நிறுத்துவேன்; ஏறிய பிறகு இந்த உயரத்துக்குக் கீழே எஞ்சின் போனால் ஓடுபாதைக்குத் திரும்ப முயல மாட்டேன், எதிரே கிடைக்கிற இடத்தில் இறக்குவேன். ஏன் முன்பே சொல்ல வேண்டும்? எஞ்சின் நின்ற நொடியில் மனசு ஓடுபாதைக்குத்தான் ஏங்கும். தாழ்ந்த உயரத்தில் திரும்பப் போய் ஸ்டால் ஆகி இறந்தவர்கள் ஏராளம். அந்த நொடியில் யோசிக்கிற மூளையை நம்ப முடியாது. அதனால் அமைதியாக இருக்கும்போதே தீர்ப்பை எழுதி வைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு விதி. ஓடுபாதையின் பாதி தூரத்தில், தரையை விட்டு எழும்ப வேண்டிய வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையென்றால், கையை எடு, நிறுத்து. பேச்சு கிடையாது. இதற்குப் பெரிய கணக்கெல்லாம் தேவையில்லை. சீரான முடுக்கத்தில் வேகத்தின் வர்க்கம் தூரத்துக்கு நேர்விகிதம், பாதியின் வர்க்கமூலம் 0.707. பிளஸ் ஒன் பிசிக்ஸ். ஒரு எண்ணை முன்னாடியே குறித்து வைத்தால் அங்கே ஆசைக்கும் வெட்கத்துக்கும் வேலை இல்லை.

எஞ்சின் கைவிட்டால் என்ன செய்வது என்று இவ்வளவு யோசித்தவர்கள், நிகழ்ச்சி நிரல் கழுத்தைப் பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு எண் குறித்து வைக்கவில்லை. முதல் நாள் இரவே, ஹோட்டல் அறையில், நிருபர்கள் இல்லாத நேரத்தில், ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருக்கலாம்: காற்று இத்தனை நாட்டுக்கு மேல் என்றால் இல்லை. மழை தொடங்கிவிட்டால் இல்லை. எடைக் கணக்கு 2,500-ஐத் தாண்டினால் ஒரு பெட்டி இங்கேயே நிற்கும் அல்லது எரிபொருள் குறையும். காலையில் அந்தச் சீட்டைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. தனிப்பட்ட குறைந்தபட்ச வரம்புகள் என்று இதை இப்போது பல பயிற்சிப் பள்ளிகள் சொல்லிக் கொடுக்கின்றன. சொல்லிக் கொடுப்பதற்கும், பணம் கட்டியவர் முன்னால் அந்தச் சீட்டை நீட்டுவதற்கும் நடுவில்தான் பிரச்சினை.

"இதெல்லாம் விமானம் ஓட்டுறவங்க சமாச்சாரம், எனக்கு பிளேஸ்மென்ட் கவலை" என்று சொல்லப் போறீங்களா? கொஞ்சம் இருங்க.

ஒரு கல்லூரி டெக் ஃபெஸ்ட். பெயர் வேண்டாம். தொடக்க விழாவில் ட்ரோன் பறந்து வந்து மேடை மேல் பூத் தூவ வேண்டும் என்று திட்டம். காலை பத்து மணிக்கு எல்லாம் தயார், காற்றும் இல்லை. சீஃப் கெஸ்ட் வந்தது பதினொன்றரைக்கு. அதற்குள் மைதானத்தில் காற்று கிளம்பிவிட்டது, மூன்று தடவை டிரையல் பார்த்ததில் பேட்டரியும் இறங்கிவிட்டது. கன்ட்ரோலர் வைத்திருந்தது செகண்ட் இயர் பையன். "அண்ணா, காத்து ஜாஸ்தியா இருக்குண்ணா, பேட்டரியும் மாத்தணும்" என்றான். "சீஃப் கெஸ்ட் உக்காந்துட்டாருடா, ரெண்டே நிமிஷம், மேனேஜ் பண்ணு." அவன் மேனேஜ் பண்ணினான். ட்ரோன் ஷாமியானா கம்பியில் மோதி, காலியாக இருந்த ஒரு நாற்காலி வரிசையில் விழுந்தது. நான் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் அடியில்லை. எல்லாரும் சிரித்துவிட்டு அடுத்த அயிட்டத்துக்குப் போய்விட்டார்கள். மாலையில் திட்டு வாங்கியது அந்த செகண்ட் இயர் பையன், "சரியா ஓட்டத் தெரியலை" என்று.

பார்த்தீங்களா, இங்கேயும் கதை "பயிற்சி போதவில்லை" என்றே முடிந்தது. அவன் சொன்னதை யாரும் திரும்ப நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஷையானிலும் ஊர் பேசியது பிள்ளையின் வயதைப் பற்றித்தான்.

நம்ம கிளப்களில் பாஹா வண்டி, ராக்கெட் மாடல், ட்ரோன், ரேஸ் கார் என்று ஆளைக் கொல்லக்கூடிய சரக்கு நிறையவே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புச் செக்லிஸ்ட்டும் இருக்கிறது, ஸ்பான்சருக்குக் காட்ட. நான் கேட்பது ஒரே ஒரு வரி கூடுதலாக: நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்று பெயர் எழுதுங்கள். அந்த ஆள் டீம் கேப்டனாக இருக்கக் கூடாது; கோப்பை கிடைத்தால் போட்டோவில் நடுவில் நிற்பவர் அவர். ஃபேகல்டி கோ-ஆர்டினேட்டரும் வேண்டாம். பிரின்சிபாலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நிகழ்ச்சி நடந்தாலும் நின்றாலும் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருத்தர், கையில் எண்கள் எழுதிய சீட்டோடு. காற்று இவ்வளவு, மின்னழுத்தம் இவ்வளவு, கூட்டம் இவ்வளவு தள்ளி. எண் தாண்டினால் நிகழ்ச்சி இல்லை, சீஃப் கெஸ்ட்டுக்கு டீ.

"அப்படிப் பார்த்தா எதுவுமே நடக்காதே" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ரிஸ்க் எடுக்காமல் பறக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். சின்ன விமானத்தில் தொலைதூரம் போகிறவர்கள் தினமும் காற்றையும் மழையையும் எடைபோட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஆனால் எடைபோடுவதற்கும், தேதியை முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி தராசை அழுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்து போகிற சங்கதி. ஷையானில் காலை உணவை மெதுவாகச் சாப்பிட்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கலாம். எட்டு நாள் திட்டத்தில் அந்த ஓரிரு மணி நேரத்துக்கு இடம் வைத்திருக்கவில்லை.

கடைசியாக, பி.இ. முடித்துவிட்டு பைலட் கோர்ஸ் போகலாம் என்று யோசிக்கிற சிலருக்கு. நம்ம காலேஜிலும் அப்படி நாலைந்து பேர் இருக்கீங்கன்னு தெரியும். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பல லட்சம் செலவு, பெரும்பாலும் கடன். மழைக்காலத்தில் விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். பயிற்றுநருக்கு முடிக்க வேண்டிய மாணவர் பட்டியல் ஒன்று இருக்கும், உங்களுக்கு அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வரும். டிவி கேமரா இல்லாமலேயே அதே நெருக்கடி அங்கே தயாராக இருக்கிறது.

அதனால் சேரும் முன் வெப்சைட்டில் இருக்கிற யூனிஃபார்ம் போட்டோவை மட்டும் பார்க்காதீங்க. நேரில் போங்க. எத்தனை விமானம் இருக்கு, எத்தனை பறக்குற நிலையில இருக்கு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்க, அதை எல்லாரும் கேப்பாங்க. கூடவே இன்னொன்றும் கேளுங்க: "சார், காலையில வானம் சரியில்லைன்னு எனக்குப் பட்டு, நானா சார்ட்டியை கேன்சல் பண்ணினா, அந்த ஸ்லாட்டுக்குக் காசு பிடிப்பீங்களா? பயிற்றுநர் கேன்சல் பண்ணினா அவருக்கு அந்த மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கோங்க. சிரிச்சு மழுப்பினாங்கன்னா, பக்கத்து ஊர்ல இன்னொரு ஸ்கூல் இருக்கும், பஸ் ஏறுங்க.